அல்சூரில் ஆறு வீடுகள்

சூசையின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்ததும், அவருடைய அண்ணன் ஆரோக்கியதாஸ் கை கழுவிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

“ஏம்மா வியாகுலம், ரயில்வேக்காரன் குடுத்த பணத்த என்ன செய்யிறதா உத்தேசம்?”

வியாகுலம்மாள் எச்சில் இலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ரயில்வேயில் கார்டாக இருந்த அவள் கணவர் சூசை, வேலைக்குப் போன இடத்தில் மார்வலி வந்து, அம்பாத்துறை ஸ்டேஷன் பெஞ்சிலேயே போய்விட்டார். சேமநிதியும் மற்றதுமாக ஒன்பதாயிரம் ரூபாய் வந்திருந்தது. அவர் போன நாளிலிருந்து இன்றுவரை அவள் அழவில்லை. ஊர் அதைக் குறையாகப் பேசியது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி அவளுக்கு உடம்பு முழுக்க இருந்தது.

“நம்ம பொகையிலக் கிட்டங்கி யாவாரத்துல போட்டு வைக்கிறேன்” என்றார் ஆரோக்கியதாஸ். “நீயும் புள்ளையும் எங்க வீட்டுக்கே வந்துருங்க. ரோஸ்மேரி படிச்ச வரைக்கும் போதும்.”

ரோஸ்மேரி மதுரையில் ஆசிரியப் பயிற்சியில் ஒரு வருஷம் முடித்திருந்தாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அத்தான் வீட்டு அடுப்படி எப்படிப்பட்டது என்பதும் வியாகுலம்மாளுக்குத் தெரியும். சூசையின் தங்கை பன்னிரண்டு வருஷமாக விதவையாக அங்கேதான் வெந்துகொண்டிருக்கிறாள்.

“வீடு வாங்கப் போறேன் அத்தான். வாடகைக்கு விட.”

“இந்தத் திண்டுக்கல்லுலயா?”

“இல்ல, பெங்களூர்ல.”

ஆரோக்கியதாஸ் சிரித்துவிட்டார். “பாஷை தெரியாத சீமையில! குடியிருக்கிறவன் வாடகை தரமாட்டேன்னா கன்னடத்துல அழுவியா?”

“அல்சூர்ப் பக்கம் பாதிப் பேரு தமிழுதானாம். சௌகத் அலி பாய் சொன்னாரு.”

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரியான சௌகத் அலி, சூசையின் சிநேகிதர். மாதம் இரண்டு தடவை பெங்களூர் போய் வருகிறவர். கோடையில் தம் சம்சாரத்தையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வியாகுலம்மாளை அழைத்துப் போனார். திருச்சியிலும் ஈரோட்டிலும் வண்டி மாறி, கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கினார்கள்.

முதல் நாள் பார்த்த இரண்டு இடங்களும் அவள் மனசில் ஒட்டவில்லை. மூன்றாவது அல்சூர் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு சந்தில் இருந்தது. எதிரும் புதிருமாக ஆறு ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு.

திண்டுக்கல்லில் தெருக்குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். நாற்பதடிக் கயிறு போட்டு இறைத்தாலும் கிணற்றில் உப்புத்தண்ணீர்தான். அந்த ஊரில் பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். வியாகுலம்மாளும் எட்டிப் பார்த்தாள். கை நீட்டினால் தொடலாம் போல் தண்ணீர் நின்றது. குனிந்து ஒரு சொம்பு மொண்டு குடித்தாள். இளநீர் மாதிரி இருந்தது. தொண்டையிலிருந்து வயிறு வரை குளிர்ச்சி இறங்கியது தெரிந்தது. இரண்டு மாதத்தில் அவள் உடம்புக்கு உறைத்த முதல் சங்கதி அதுதான்.

“இதையே முடிச்சிருங்க பாய்.”

“செத்த பொறுங்க தங்கச்சி. சுவத்தப் பாருங்க, முழங்கால் ஒசரத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்து கெடக்கு. ஏரிக்குக் கீழ இருக்கிற எடம். மழையில ஒருக்கா வந்து பார்த்துட்டு...”

“சுண்ணாம்புதானே, அடிச்சுக்கலாம்.”

“குடியிருக்கிறவுககிட்டயாச்சும் ரெண்டு வார்த்தை கேக்கலாம்ல?”

“தண்ணியிருக்கிற வீட்ட விட்டுட்டு எவன் பாய் போவான்?”

சௌகத் அலியும் திண்டுக்கல்காரர்தான். விலை பேசக் கிளம்பினார்.

எட்டாயிரத்து ஐந்நூறுக்குப் பத்திரம் பதிவானது. மிச்சப் பணம் பத்திரச் செலவுக்கும் பிரயாணத்துக்கும் சரியாகப் போயிற்று. வீட்டுக்குப் பதினெட்டு ரூபாய் வாடகை. முதல் வீட்டில் இருந்த மில் தொழிலாளி முனியப்பன், ஆறு வாடகையையும் வாங்கி மணியார்டர் செய்யச் சம்மதித்தார். அந்த வேலைக்காக அவருக்கு இரண்டு ரூபாய் தள்ளுபடி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நூற்றாறு ரூபாய் தவறாமல் வந்தது. மகளின் விடுதிக்கு முப்பத்தைந்து, திண்டுக்கல் வீட்டு வாடகை பதினைந்து, மிச்சம் வீட்டுச் செலவுக்குத் தாராளம். தெருவில் பார்த்தால் ஆரோக்கியதாஸ், “என்ன, பெங்களூர் ஜமீன்தாரம்மா!” என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் தலையாட்டிவிட்டுப் போவாள். கோபமும் வரவில்லை, பெருமையும் வரவில்லை.

அக்டோபரில் முப்பத்துநாலு ரூபாய்தான் வந்தது. மணியார்டர் தாளின் அடியில், ‘நான்கு வீடு காலி, நேரில் வரவும்’ என்று முனியப்பன் எழுதியிருந்தார்.

“அப்பவே சொன்னேன்ல?” என்றார் ஆரோக்கியதாஸ். “வந்த விலைக்குத் தள்ளிட்டு வந்து சேரு. எங்க வீட்டுல எடமா இல்ல?”

அவள் தனியாக ரயில் ஏறினாள். அல்சூர்ச் சந்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கிணறு வாய் வழிந்து முற்றத்தோடு ஒன்றாகியிருந்தது. எட்டிப் பார்த்த வீடுகளில் சுவரோரமெல்லாம் தரையிலிருந்து தண்ணீர் கசிந்தது.

“எல்லாரும் எங்க?”

“மேட்டுத் தெருவுக்குப் போயிட்டாங்கம்மா” என்றார் சேலத்துக்காரரான முனியப்பன். “வருஷா வருஷம் ஐப்பசியில போறதுதானுங்க. தையில தரை காஞ்சதும் வந்துருவாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?”

“நான் கேக்கல.”

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனுங்களே! நீங்க கிணத்த விட்டுக் கண்ணெடுக்கவேயில்ல.”

“நீங்க மட்டும் ஏன் போகல?”

“என் வூடு ரெண்டு படி மேடுங்க. எதிர்வூட்டுப் பெரியவருக்குக் காது கேக்காது. மழை பெய்யறதே அவருக்குத் தெரியாதுங்க.”

முனியப்பன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இனி மூன்று மாதத்துக்கு, மாதம் முப்பத்துநாலு ரூபாய்தான். விடுதிக்கே ஒரு ரூபாய் குறைகிறது. மகள் படிப்பை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் இதை விற்க வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் கடைசியில் போய்ச் சேருவது அத்தான் வீட்டு அடுப்படிதான்.

“ஒருத்தர் அஞ்சாயிரத்துக்குக் கேக்கறாருங்க” என்று இழுத்தார் முனியப்பன்.

“இந்த நாலுல எது ஈரம் கம்மி?”

“அஞ்சாம் நம்பருங்க. கட்டில் காலுக்கு ரெண்டு செங்கல் வெச்சாச் சமாளிக்கலாம். யாருக்குங்கம்மா?”

“எனக்கு.”

“உங்களுக்கா? ஊர்ல வீடு இருக்கே?”

“அது வாடகை வீடு. ஆறு வீட்ட வச்சுக்கிட்டு, ஒருத்தனுக்கு மாசம் பதினஞ்சு ரூவா அழுதுக்கிட்டு இருக்கேன்.” நனைந்த தலைப்பைப் பிழிந்தபடி கேட்டாள். “உங்க மில்லுல மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு எம்புட்டு குடுக்குறாக?”

“ஆறணாங்க. வாயில வெக்க முடியாத சோறு.”

“வர்ற திங்கக்கெழமையிலருந்து பத்துப் பேருக்கு நான் ஆக்கித் தாரேன். சொல்லி வைங்க.”

முனியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியாத ஊருங்க. தனியா இருக்கப் பயமா இல்லீங்களா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். “தெரியல” என்றாள்.

சாவியை வாங்கி ஐந்தாம் நம்பரைத் திறந்தாள். கணுக்கால் நனையத் தண்ணீர் நின்றது. இப்போதாவது அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். வரவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாசலில் நின்ற முனியப்பனிடம் திரும்பினாள்.

“செங்கல் எங்க கெடைக்கும்?”