உள்தாழ்ப்பாள்

"கண்ண மூடிக்குங்க அங்கிள். கை மடியிலயே இருக்கட்டும், அசைக்க வேண்டாம். மனசுக்குள்ள மட்டும் அந்த டம்ளர எடுங்க."

தெரபி கொடுக்க வரும் பெண் சொன்னபடி அவர் கண்ணை மூடிக்கொண்டார். எதிரே மேசைமேல் பாதித் தண்ணீரோடு டம்ளர் இருந்தது. இருபத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக உழைத்த வலது கை மடியில் கிடந்தது. பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கால் ஓரளவுக்கு வழிக்கு வந்துவிட்டது. நாலுகால் கைத்தடியை இடது கையில் பிடித்தால் வீட்டுக்குள் நடமாடலாம். கைதான் கேட்டால் கேட்கும், கேட்காவிட்டால் இல்லை. ஆனால் மனசுக்குள் அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை. தோள் நகர்ந்தது, முழங்கை நீண்டது, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து டம்ளரைச் சுற்றி மூடின. தண்ணீரின் குளிர்ச்சிகூட உள்ளங்கையில் தெரிந்தது. கண்ணைத் திறந்தார். டம்ளர் இருந்த இடத்தில் இருந்தது. கையும்தான்.

"தினமும் இருபது நிமிஷம் இப்படி நெனைச்சுப் பாருங்க. மூளை பழைய வழிய தேடிக்கும்," என்றாள் அந்தப் பெண். பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "அப்புறம், இலக்குன்னு தெளிவா ஒண்ணு வேணும். 'நல்லாகணும்'னு பொத்தாம்பொதுவா சொல்லக் கூடாது. இன்ன நாளைக்குள்ள இன்னது செய்யணும்னு இருக்கணும். என்ன எழுதட்டும்?"

"வேலைக்குத் திரும்பணும்," என்றாள் மனைவி. "கம்பெனியில ஆறு மாசம் லீவு குடுத்திருக்காங்க. அதுக்குள்ள படி ஏறணும். இவரு வேலையே மொட்டமாடி மோட்டார் ரூமுக்கு ஏறி இறங்குற வேலை."

"அவரே சொல்லட்டும் ஆன்ட்டி."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத்தான் தெரிந்திருந்தது. சொல்தான் தொண்டைவரை முழுசாக வந்து நாக்கில் வழுக்கி விழுந்தது. "க..." என்றார். "க... க..."

"கம்பெனி!" என்றாள் மனைவி. அவள் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியாம்மா? அவரு மனசுலயும் அதேதான்."

அவர் சொல்ல வந்தது கதவு. குளியலறைக் கதவு. ஆனால் மனைவி சந்தோஷப்பட்டுப் பார்த்து நாலு மாதமாகியிருந்தது. அதைக் கலைத்து, மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கத் தெம்பில்லாமல் தலையை ஆட்டிவிட்டார். படிவத்தில் 'கம்பெனி' ஏறிவிட்டது.

மனைவி மூன்றாம் வகுப்பு டீச்சர். இலக்கு என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் சும்மா இருப்பாளா? அன்று மாலையே கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு சார்ட் பேப்பர் ஏறியது. வாரவாரியாகக் கட்டம். முதல் வாரம் இரண்டு படி, இரண்டாம் வாரம் நாலு படி என்று போய், எட்டாம் வாரக் கட்டத்துக்குமேல் சிவப்பில் 'வேலை' என்று எழுதி இரண்டு கோடு. சொன்னதைச் செய்த நாளில் தங்க நட்சத்திரம், பாதி செய்தால் வெள்ளி நட்சத்திரம். பள்ளியில் நாற்பது பிள்ளைகள், வீட்டில் நாற்பத்தோராவது பிள்ளை. முதல் தங்க நட்சத்திரத்தை ஒட்டிவிட்டு அவள் கை தட்டினாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. வாய் ஒரு பக்கமாகத்தான் போயிற்று.

மைத்துனன் தன் பங்குக்கு விடவில்லை. போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், பதினோரு மணிக்குத்தான் கடை திறப்பான். அக்கா பள்ளிக்குக் கிளம்பியதும் வந்து மாமாவுக்கு முகம் துடைத்து, சட்டை மாட்டி, காலை உணவு கொடுத்து, போனும் தண்ணீரும் இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுப் போவான். தங்கமான பையன். வெற்றியடைவது எப்படி என்று யாராவது பேசுகிற வீடியோவைப் பார்க்காமல் அவனால் பல்கூடத் துலக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை. ஒருநாள் பெரிதாக ஒரு படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தான். அவரேதான். தலையில் ஹெல்மெட்டும் கையில் ஸ்பேனருமாக லிஃப்ட் கூண்டின் உச்சியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"தினமும் கண் முழிச்சதும் இதப் பாருங்க மாமா. 'ஏறுவேன்'னு நெனைக்காதீங்க. 'ஏறிட்டேன்'னு நெனைங்க. நடந்து முடிஞ்ச மாதிரி நெனைச்சாத்தான் நடக்கும். நான் ரெண்டாவது கடைய அப்படித்தான் பாத்துட்டு இருக்கேன்."

அவன் ஆறு வருஷமாக அந்த இரண்டாவது கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் கடையின் ஷட்டரே பாதிக்குமேல் ஏறாது. குனிந்துதான் உள்ளே போகவேண்டும். அதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை, வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். படத்தில் இருந்த ஆளை அவர் தினமும் பார்த்தார். கல்யாண வீட்டில் கண்டு சிரித்துவிட்டு, இவன் நமக்கு என்ன முறை என்று யோசிக்கவைக்கும் தூரத்துச் சொந்தக்காரனாகத்தான் தெரிந்தான்.

அவருக்கு வேண்டியது அவ்வளவு உயரத்தில் இல்லை. குளியலறைக் கதவு கீல் தொய்ந்துபோய், உள்ளே தாழ் போட்டால்தான் நிற்கும். போடாவிட்டால் தானாக முனகிக்கொண்டு முக்கால்வாசி திறந்துகொள்ளும். பக்கவாதம் வருவதற்கு முந்தின வாரம்கூட, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார். ஊர் லிஃப்ட் கதவையெல்லாம் சரி செய்கிறவன் வீட்டுக் கதவு அப்படித்தானே இருக்கும். இப்போது இடது கை சுவரில் அடித்த கம்பியை விட்டால் ஆள் சாய்ந்துவிடுவார். தாழ் போட வலது கைதான் வேண்டும். ஆகவே நாலு மாதமாகக் கதவு திறந்தபடி, அதற்கு வெளியே மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, உள்ளே அவர் உட்கார்ந்திருந்தார். நிமிஷத்துக்கு ஒருதரம் "ஆச்சா?" என்பாள். விழுந்துவிட்டாரோ என்ற பயத்தில்தான் கேட்கிறாள் என்று தெரியும். முப்பது வருஷம் கூடவே வாழ்ந்தவள், அவளிடம் என்ன வெட்கம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். வெட்கம் போகவில்லை. காலையில் மைத்துனன் நிற்கும்போது அது இரண்டு மடங்காயிற்று. அவனோ, "மெதுவா மாமா, அவசரமில்ல," என்று வேறு தைரியம் சொல்வான்.

கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. தொழிலில் அவர் படித்த முதல் பாடம் அது.

பதினொன்றிலிருந்து, ஒன்றரைக்கு மனைவி பள்ளி முடிந்து வரும்வரை, வீட்டில் வேறு யாரும் இல்லை. மைத்துனன் போனதும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். டம்ளர், படிக்கட்டு, மோட்டார் ரூம் எதையும் நினைப்பதில்லை. அந்தத் தாழ்ப்பாளை மட்டும் நினைப்பார். பழைய இரும்புத் தாழ். நுனியில் குமிழ், அடியில் கொஞ்சம் துரு. கதவு தொய்ந்திருப்பதால் இடுப்பால் ஒரு முட்டுக் கொடுத்து மேலே தூக்கினால்தான் ஓட்டைக்கு நேராக வரும். எந்த இடத்தில் சிக்கும், எந்த இடத்தில் வழுக்கும் என்று ஒவ்வொரு மில்லிமீட்டராகப் பார்த்தார். பழுதான மெஷினைத் தொடுவதற்கு முன்னால் அதை மனசுக்குள் கழற்றிப் பூட்டுவது அவருக்குப் புதிதல்ல. அதற்குத்தான் சம்பளமே வாங்கினார். அதற்கு ஒரு பெயரும், ஒரு படிவமும், இவ்வளவு வீடியோவும் உண்டு என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அப்புறம் எழுந்து நடப்பார். தனியாகக் குளியலறைப் பக்கம் போகவே கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாக மனைவி சொல்லியிருந்தாள். போனார். முதல் வாரம், விரல் முட்டி குமிழில் பட்டதோடு சரி. இரண்டாம் வாரம் இரண்டு விரல் அதன்மேல் ஏறியது, ஆனால் இறுக்க முடியவில்லை. ஒருநாள் கால் வழுக்கி, கம்பியில் தொங்கி, கால்மணி நேரம் அப்படியே நின்றார். ஐந்தாம் வாரம் தாழ் பாதித் தூரம் நகர்ந்தது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அந்தப் பாதித் தூரத்துக்கு யாரும் வெள்ளி நட்சத்திரம் ஒட்டவில்லை. அதனாலேயே அது முழுக்க அவருடையதாக இருந்தது.

சுவரில் இருந்த சார்ட்டோ, பின்தங்கிக்கொண்டே போயிற்று. எட்டாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை மதியம், கட்டிடத்தின் பொதுப் படிக்கட்டில் அவரை நிறுத்தி, பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள் மனைவி. பதினாறு படி ஏறவேண்டும். நாலாவது படியில் கால் நடுங்க ஆரம்பித்தது.

"இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

அவர் உட்கார்ந்துவிட்டார். மேல்வீட்டுக்காரர்கள் காய்கறிப் பையோடு வந்து, ஓரமாக ஒதுங்கி, வருத்தமாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கதவு சாத்தும்வரை மனைவி பொறுத்திருந்தாள்.

"நீங்க முயற்சியே பண்ணல," என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "நான் ஒருத்திதான் இழுத்துட்டுக் கெடக்கேன். நீங்க மனசு வைக்கவே இல்ல."

அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். வீட்டுக்குள் வந்ததும் சார்ட்டைப் பார்க்காமல் நேராகக் குளியலறைக்கு நடந்தார். அவள் வழக்கம்போலப் பின்னால் வந்தாள். அவர் உள்ளே போனார். இடது கையால் கம்பி, இடுப்பால் ஒரு முட்டு. வலது தோளிலிருந்து புறப்பட்ட ஏதோ ஒன்று முழங்கையைத் தாண்டி, மணிக்கட்டைத் தாண்டி, மூன்று விரலுக்கு வந்துசேர்ந்தது. தாழ் ஓட்டைக்குள் அடங்கியது. இரும்பு இரும்போடு சேரும் சத்தம் கேட்டது.

கதவு நின்றது.

வெளியே அவள் கதவை ஒருதரம் தள்ளிப் பார்த்தாள். பிறகு, "ஏங்க? என்ன பண்றீங்க? யாரு தாழ் போட்டது?" என்று கதவைத் தட்டினாள். அவரைத் தவிர உள்ளே வேறு யார் இருக்க முடியும் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். தட்டுவதை நிறுத்தினாள். "விழுந்துட்டீங்களா?"

"இ... இல்ல."

"அப்போ திறங்க."

"இரு."

தெளிவாக, முழுசாக, ஒரே மூச்சில் வந்தது அந்தச் சொல். அவர் மெதுவாகக் கம்மோடு மூடிமேல் உட்கார்ந்தார். நாலு பக்கமும் சுவர். சின்ன ஜன்னல் வழியாக வெளிச்சம். யாரும் பார்க்கவில்லை. தோள்கள் தாமாக இறங்கின. ஆறு மாதமாக அவை தூக்கிக்கொண்டே இருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

வெளியே அவள் தரையில் உட்காரும் அரவம் கேட்டது. முதுகு சாய, கதவு லேசாக அதிர்ந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். "மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல. அதான் சொல்லாமலே இருந்துட்டேன்."

அவர் கதவுப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"உங்க எடத்துக்கு வேற ஆளு போட்டுட்டாங்க. போன மாசமே. மேனேஜர் கூப்பிட்டு மரியாதையாத்தான் சொன்னாரு. நான் வீட்டுக்கு வந்து... சார்ட்ட பாத்தேன். அதைக் கிழிச்சுட்டா அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல. சரி, நட்சத்திரத்த ஒட்டுவோம்னு ஒட்டிட்டேன்."

ஒரு மாதமாக, இல்லாத வேலைக்கு அவரைப் படி ஏற்றியிருக்கிறாள். அவருக்குக் கோபம் வந்தது. அவளுக்குத் தெரியாமல் ஏழு வாரம் இந்தத் தாழோடு மல்லாடியது நினைவுக்கு வந்ததும் கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. வேலை போனதற்கு வரவேண்டிய துக்கம் எங்கோ தெருமுனையில் இருந்தது. நடந்து வந்துசேர நாளாகும்.

"தம்பி என்கிட்டயும் சொன்னான்," என்றாள் அவள். குரலில் பாதிச் சிரிப்பு இருந்தது. "'அக்கா, நீயும் கண்ண மூடி, உனக்கு என்ன வேணும்னு பாரு'ன்னான். ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து மூடிப் பாத்தேன். ஒண்ணுமே தெரியலங்க. தூங்கிட்டேன். மணி அடிச்சதுகூடத் தெரியல. பிள்ளைங்க வந்து எழுப்புச்சுங்க."

அவர் ஏதாவது சொல்ல நினைத்தார். நிறைய இருந்தது. எந்த எழுத்தில் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தபோது, வெளியே அவள் மூச்சு மெல்ல மாறுவது கேட்டது. முதலில் ஒரு நீளமான பெருமூச்சு. அப்புறம் அதே நீளத்தில் இன்னொன்று. பிறகு லேசான குறட்டை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வெறுந்தரையில் உட்கார்ந்தபடி டீச்சர் தூங்கிவிட்டாள்.

அவர் தாழ்ப்பாளைப் பார்த்தார். போடுவதற்கு மட்டும்தான் இத்தனை நாள் பழகியிருந்தார். திறப்பதை ஒருதரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. திறக்க முடியும் என்றே வைத்துக்கொண்டாலும் கதவு உட்பக்கமாகத் திறக்கிற கதவு. தாழை எடுத்தால் சரிந்து விழும்படி அவள் முழுப் பாரமும் அதில் சாய்ந்திருந்தது.

கதவுக்கு அடியில் விரலளவு இடைவெளி. அதில் கூடத்து வெயில் கோடாக உள்ளே விழுந்திருந்தது. நடுவில் மட்டும் அவள் உட்கார்ந்திருந்த அகலத்துக்கு இருட்டு. அவர் காலை மெல்ல நகர்த்தி, சத்தம் வராமல், அந்த இருட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.