கையெழுத்துக்கு முந்தைய மூன்று வாரம்

ஸ்ரீவத்சனுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்து, மூன்று வருடத்தில் தனக்கு ஆறரை வருட வேலை அனுபவம் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார். கணக்கு வரும் என்று சொன்ன உறவினரைத் தேடிப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

விஷயம் கனடா. திறமைத் தொழிலாளர் பிரிவில் விண்ணப்பிக்க, அதற்குத் தகுந்த வேலையில் குறைந்தது ஒரு வருடம் இடைவெளி விடாமல் சம்பளத்துக்கு உழைத்திருக்க வேண்டும். ஒரு வருடம் என்பது அவர்கள் கணக்கில் 1560 மணி நேரம். என் கணவர் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை இன்ஜினியர். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். மூன்று ஒப்பந்தம் முடித்திருக்கிறார். எல்லாவற்றையும் பெருக்கி 10,152 மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

இந்தத் தாளுக்குப் பின்னால் எங்கள் வீட்டின் மொத்த நிம்மதியும் இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் ஒப்பந்தம் பதினோரு மாதம்தான். பன்னிரண்டாவது மாதம் வேலையில் வைத்திருந்தால் நிரந்தரம் கேட்பார்கள் என்று பயந்தோ என்னவோ, பதினோராவது மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து, மனது வைத்தால், திரும்பக் கூப்பிடுவார்கள். அந்த ஒரு மாதமும் என் கணவர் காலை ஐந்தரைக்கே எழுந்து, ஜி.எஸ்.டி. சாலையில் கம்பெனி பஸ் போவதை பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இப்போதும் அதே இடைவெளி மாதம்தான். நான்காவது முறையாக இதைப் பார்க்க என்னால் முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இருவரும் ஆங்கிலத் தேர்வு எழுதியாயிற்று, இருவருடைய பட்டத்தையும் சரிபார்க்க அனுப்பி வாங்கியாயிற்று. மிச்சம் இருந்தது இந்த ஒரு வருடம்தான்.

நான் அரசாங்க இணையப் பக்கத்தை எடுத்து நிதானமாகப் படித்தேன். முப்பது வயது ஆள் அழுதால் எப்படித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டேதான் படித்தேன். வாரத்துக்கு முப்பது மணி நேரம் வரைதான் கணக்கில் வரும். அதற்கு மேல் எழுபத்திரண்டு உழைத்தாலும் சரி, எழுபத்திரண்டாயிரம் உழைத்தாலும் சரி, ஒரு மணி கூடச் சேராது. பதினோரு மாதத்துக்கு 1410 மணி. பிறகு ஒரு மாத இடைவெளி. திரும்ப முதலிலிருந்து. மூன்று தடவையும் 1560-ஐத் தொடுவதற்கு முன்னாலேயே அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போகவில்லை. அந்தப் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரமாக இருபத்து நான்கு மாதம் வேலை பார்த்திருந்தால், அதுவும் முழு ஒரு வருடத்துக்குச் சமம். பகுதி நேரம் என்பதால் ஒரு குறையும் இல்லை.

அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். இரும்புலியூரில் டாக்டர் ஜெயவேலுவின் எலும்பு மருத்துவ கிளினிக்கில், திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஐந்திலிருந்து எட்டு வரை வேலை. டாக்டர் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி, செப்டம்பர் முப்பதோடு கிளினிக்கை மூடிவிட்டார். தினம் மூன்று மணி, வாரம் பதினைந்து. எதிர் வீட்டு தீபா ஒரு தடவை என் மாமியார் ரமாவிடம், ஸஹானா சாயங்காலமானால் எங்கே போகிறாள் என்று கேட்டதற்கு, "சும்மா டைம் பாஸுக்கு ஒரு கிளினிக்குக்குப் போயிட்டு வரா" என்று பதில் வந்தது. அரிசி களைந்துகொண்டே கேட்டேன். அன்றைக்குச் சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது.

அந்த டைம் பாஸை இப்போது எண்ண ஆரம்பித்தேன். கிளினிக்கை மூடும்போது டாக்டர் தந்த சான்றிதழில் 24.10.2023 முதல் 30.9.2025 வரை என்று இருந்தது. கைபேசியில் நாட்காட்டியைத் திறந்து வாரம் வாரமாக எண்ணினேன். நூற்றியொரு வாரம், ஒரு நாள். 1518 மணி நேரம்.

நாற்பத்திரண்டு மணி குறைந்தது. திரும்பவும் எண்ணினேன், அதே 1518. கிளினிக் மூடி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் வேறு எங்கும் சேரவில்லை, இடைவெளி விழுந்துவிட்டது. இனி வேறு இடத்தில் சேர்ந்தால் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். இன்னும் இரண்டு வருடம். கிளினிக் மூடும் முன்பே இந்தப் பக்கத்தைப் படிக்கத் தோன்றாத என்னை நானே திட்டிக்கொண்டேன். வாய்க்குள் திட்டுவதாக நினைத்தேன். சத்தமாகத்தான் திட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. சமையலறையிலிருந்து மாமியார் வந்து என்னவென்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். விஜயதசமி அன்று சேர்ந்ததற்குப் பதிலாக மூன்று வாரம் முன்னால் சேர்ந்திருந்தால் தப்பித்திருப்போம் என்றும் சொன்னேன்.

அவர் கைத்துண்டில் கையைத் துடைத்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீ முன்னாடியே போயிண்டிருந்தியே. மாளய பட்சத்துல புதுசா எதுலயும் கையெழுத்துப் போடாதேன்னு நான்தானேடி சொன்னேன்?"

உண்மை. அந்த வருடம் கிளினிக்கில் இருந்த பெண் திடீரென்று நின்றுவிட, டாக்டர் அவசரமாக என்னைக் கூப்பிட்டார். முன்னோர்களுக்கான அந்தப் பதினைந்து நாளில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். டாக்டரும் அதை நம்புகிறவர். ஆகவே ஒரு ஏற்பாடு: நான் போய் நோயாளிகளைப் பார்ப்பேன், ஆனால் சேரமாட்டேன். பட்சம் முடிந்து வரும் விஜயதசமி நல்ல நாள் என்பதால், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து அன்றிலிருந்து. மூன்று வாரம் தினமும் மூன்று மணி நேரம் முட்டியும் முதுகுமாகப் பிடித்துவிட்டு, வீட்டில் 'சும்மா போய்ப் பார்த்துட்டு வரேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிச் சொல்லி நானே நம்பியும்விட்டேன்.

வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். அந்த அக்டோபருக்கு முழு மாதச் சம்பளம் வந்திருந்தது. முதல் நாள் அக்டோபர் மூன்று, செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் காந்தி ஜெயந்தி விடுமுறை என்பதால் அது நன்றாக நினைவிருந்தது. மூன்று வாரம், நாற்பத்தைந்து மணி. 1518-உம் 45-உம் 1563. தேவைக்கு மேல் மூன்று மணி.

நான் பால்கனிக்கு ஓடினேன். மாமியார் எதிரில் நிற்பதையும் மறந்து கணவரைக் கட்டிக்கொண்டேன். அவர் கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது, யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் இருவரும் டாக்டர் வீட்டில் இருந்தோம். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். தீபாவளிக்கு முன்னால் கிளம்புகிறார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சிரித்தபடியே கணினி முன் உட்கார்ந்தார்.

"இதுக்கு எதுக்கும்மா பழைய தேதியத் தேடணும்? ஃபுல் டைம், தினம் எட்டு மணி நேரம்னு போட்டுத் தரேன். கௌரவமாவும் இருக்கும்."

நல்ல மனிதர். மனதார என்னை உயர்த்தத்தான் சொன்னார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் ஒரு கணம் ஆசை வந்துவிட்டது என்று புரிந்தது. எனக்கோ கோபம் வந்தது. பொய் என்று தெரிந்தால் ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாது என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் உண்மையில் பார்த்த வேலையே போதும் என்று அந்த நாடே எழுதி வைத்திருக்கும்போது, அது போதாது என்று நம் ஆட்கள் ஏன் நினைக்கிறார்கள்?

"வேண்டாம் சார். மூணு மணி நேரம்தான் பார்த்தேன். மூணுன்னே போடுங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சரி, அக்டோபர் மூன்று என்றே எழுதுகிறேன், ஆனால் பதிவேடு வேறு தேதி சொல்கிறதே, நாளைக்கு யாராவது கேட்டால் எதைக் காட்டுவது என்றார். நியாயமான கேள்வி. எனக்கு சிகிச்சை நோட்டு ஞாபகம் வந்தது. பத்து அமர்வு ஒரு தவணை என்பதால், ஒவ்வொரு முறையும் நோயாளி பெயர், செய்த பயிற்சி, நேரம் எல்லாம் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்குவேன். நீல பைண்டு போட்ட நீள நோட்டு. முதல் நாளிலிருந்து என் கையெழுத்துதான்.

டாக்டர் முகம் மாறியது. கிளினிக் காகிதம் எல்லாவற்றையும் முந்தின நாள்தான் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பியிருந்தார்.

ஸ்கூட்டரை என் கணவர் ஓட்டினார். வேகமாகப் போங்கள், பார்த்துப் போங்கள் என்று நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். சர்வீஸ் சாலையில் துளசிங்கத்தின் பழைய பேப்பர் கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றிருந்தது. பேப்பர் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று பின்னால் தங்கிவிட்டது. நேராகக் கட்டுகளுக்குள் கையை விட்டேன்.

துளசிங்கம் தராசுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். "இன்னா மேடம், இன்னாத்த தேடிகினு கீறீங்க?"

டாக்டர் வீட்டு நோட்டு என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"பைண்டு நோட்டா? அது இதுல போவாது மேடம். அட்டைய கிழிச்சாத்தான் மில்லுல எடுப்பான். உள்ள தனியா கீது, இன்னும் கிழிக்கல."

உள்ளே சுவரோரம் ஒரு குவியல். பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டு, டைரி, யாரோ ஒருவரின் பொருளாதாரக் குறிப்புகள். அடியில் நீலம் தெரிந்ததும் கணவரும் நானும் ஒரே நேரத்தில் இழுத்தோம். தரையிலேயே உட்கார்ந்து திறந்தேன். அக்டோபர் இருபத்து நான்காம் தேதிப் பக்கத்தின் தலையில் பெரிதாகப் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். அதுதான் நான் 'சேர்ந்த' நாள். அதற்கு முன்னால் சுழியும் மஞ்சளும் இல்லாத பதினைந்து பக்கங்கள். முதல் பக்கத்தில் 3.10.23, மாலை 5.10, முனியம்மா, வலது முட்டி. எதிரில் அவருடைய ஊதா நிறக் கைநாட்டு.

நான் அழுதேன். மறைக்கவில்லை. துளசிங்கம் பதறிப்போய், நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றும் தர வேண்டாம் என்றார். வாசலில் கிடந்த செருப்பையும் அவரே எடுத்து வந்து தந்தார்.

பதினொன்றரை மணிக்கு டாக்டர் புதுக் கடிதத்தில் கையெழுத்திட்டார். பகுதி நேரம், வாரம் பதினைந்து மணி, 3.10.2023 முதல் 30.9.2025 வரை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து ஏன் மூன்று வாரம் தாமதமாகத் தொடங்குகிறது என்பதற்கு ஒரு வரி. மாளய பட்சத்தை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது என்று இரண்டு பேரும் கால் மணி நேரம் தடுமாறினோம். கடைசியில் குடும்ப வழக்கம் என்று மட்டும் எழுதினார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு, வழக்கமாக நான் கிளினிக்குக்குள் நுழையும் நேரத்தில், விண்ணப்பத்தைத் திறந்தோம். முதன்மை விண்ணப்பதாரர் என்ற இடத்தில் என் கணவர் என் பெயரைத் தட்டச்சு செய்தார். உடன் வரும் கணவர் என்ற இடத்தில் தன் பெயரை. தட்டி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து அந்த 10,152 தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். கிழிக்க வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவ்வளவு மணி நேரமும் அவர் உழைத்தது பொய்யில்லையே.

இது தகுதி மட்டும்தான். இனி வரிசையில் நிற்க வேண்டும், அழைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இருந்தாலும் எல்லாக் கேள்வியையும் முடித்த பிறகு தகுதி உண்டு என்று திரை காட்டியபோது, என் கால் தரையில் நிற்கவில்லை.

செய்தி எப்படித்தான் போகிறதோ, ஆறு மணிக்கு தீபா வந்துவிட்டாள். ஸ்ரீவத்சன் கனடா போகிறாராமே என்று வாசலில் நின்று மாமியாரிடம் கேட்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டுக் கேட்டேன்.

"அவன் இல்லடி. ஸஹானா போறா" என்றார் மாமியார். "ரெண்டு வருஷமா கிளினிக்ல வேலை பார்த்தாளோன்னோ, அதுக்குத்தான் கூப்பிடப்போறா. அவளோட இவனும் போறான்."