ஆக்லாந்துக்குப் பதினாறு முழம்

செஞ்சி பஜாரில் பூ விற்கும் ரஞ்சிதம் அளந்துவிடுகிற முழத்தின்படிதான் வெளிநாட்டு விமானங்கள் பறக்கின்றன. மணிக்கு ஒரு முழம். டிக்கெட்டில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறதோ அத்தனை முழம் கதம்பம் அளப்பாள். அந்தச் சரம் எவ்வளவு நீளமோ, இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே அன்றைக்கு அவ்வளவுதான் தூரம். வியாபாரக் கை என்பதால் முழங்கை தானாகக் கொஞ்சம் மடங்கும். மளிகைக்கடை கனகராஜின் மகன் பிராங்பர்ட்டிலிருந்து டொரன்டோவுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய் இறங்கினான். விமானக் கம்பெனிக்காரர்கள் காற்று சாதகம் என்றார்கள். பஜாரில் யாரும் அதை மறுத்துப் பேசவில்லை. பயணம் போகிறவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்த கையோடு அவளிடம் பூவும் வாங்கிக்கொண்டார்கள்.

சொந்த மனுஷர்களுக்கு அளக்கும்போது மட்டும் முழங்கை விறைத்து நிற்கும், விரல் நுனியைத் தாண்டி ஒரு சாண் கூடப் போகும். மகள் ஜெயசுதா நர்ஸ் வேலைக்கு ஆக்லாந்து போன விமானம் நான்கு மணி நேரம் கூடுதலாகப் பறந்தது. அதனால்தான் இந்த ஆனியில் ரஞ்சிதத்துக்கு அத்தனை டென்ஷன். மகளுக்கு நிறைமாதம், உடம்பில் ரத்தம் குறைவு, மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபரேஷன், துணைக்கு ஆளில்லை. புருஷன் இளவரசனுக்கு வேலை தோஹாவில். லீவு கிடைத்து அவன் ஏறப்போகும் விமானம் பதினாறு மணி நேரம் பறந்து, பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் ஆக்லாந்தில் இறங்கும்.

மத்தியானம் ரஞ்சிதம் போனைத் தண்ணீர் பக்கெட்டில் சாய்த்து வைத்து, மகள் பார்க்க அளந்தாள். முதல் முழமே ஒன்றேகால் வந்தது. மறுபடி அளந்தாள், ஒன்றரை.

"யம்மா, கைய மடக்கும்மா."

"மடங்க மாட்டேங்குதுடி. உனக்குன்னு நெனச்சா நீண்டுக்கினு போவுது."

விமானத்தில் ஏற வரிசையில் நிற்பதாக இளவரசன் மெசேஜ் போட்டான். ஜெயசுதா அதைப் படித்தாள். பிறகு பூ வாங்க வந்த யாரோ போலக் கேட்டாள்.

"இன்னா பூக்காரம்மா, இதுக்குப் பேரு முழமா? பக்கத்துல அனந்தபுரத்துல எம்மாந் தாராளமா அளக்குறாங்க. ஊர ஏமாத்தித்தான் பொண்ண நர்ஸுக்குப் படிக்க வெச்சியா?"

ரஞ்சிதத்தின் முகம் சுண்டிப்போனது.

"அப்ப அனந்தபுரத்துக்கே போய் வாங்கிக்க. இங்க இதான் முழம்."

முழங்கை மடங்கியது. பதினாறு முழமும் பதிமூன்றுக்குள் அடங்கிவிட்டது.

விமானம் ஒன்பது மணிக்கே இறங்கியதில் படிக்கட்டு வண்டி வரத்தான் தாமதம். ஜெயசுதாவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது இளவரசன் அவள் கையைப் பிடித்திருந்தான். பெண் குழந்தை. ரஞ்சிதம் போட்டோவைப் பார்த்தாள். மகளின் போனை மட்டும் எடுக்கவில்லை. கை மடங்கட்டும் என்றுதான் மகள் அப்படிச் சொன்னாள் என்று எல்லோரும் விளக்கினார்கள். அது தனக்கும் தெரியும் என்றாள். மாதங்கள் ஆறு ஓடின.

தை மாதம் ஜெயசுதா டிக்கெட்டை அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, அம்மா பேசுவாளா என்ற பயத்தோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள். தோஹா வரைக்கும் பதினேழு மணி நேரம் என்றார்கள். இருபது ஆனது, இருபத்திரண்டு ஆனது, விமானம் கடலைத் தாண்டவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் முணுமுணுத்தார். மூன்றாவது முறையாகச் சாப்பாடு வந்தபோது ஜெயசுதாவுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் ஊறுகாய் கிடைக்குமா என்று கேட்டாள்.