முன் வளையத்துக் கோடு

"ஏண்டி, முன் வளையத்துப் படத்தையும் அனுப்பு. கேள்வி கேட்டே உயிரை எடுப்பாங்க," என்றாள் அக்கா போனில்.

"இதோ அனுப்புறேன்க்கா."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் படத்தைத் தங்கை இன்னும் திறந்தே பார்க்கவில்லை. கீழே அரங்கில் அக்கா இன்னும் சற்று நேரத்தில் மேடையேறி, ஓர் அணுக்கரு பேரிக்காய் வடிவத்தில் இருக்கிறது என்று அறிவிக்கப்போகிறாள். அணுக்கருக்களைப் பறக்கவிட்டு ஒரு மெல்லிய தகட்டில் உரசவிட்டால் அவை காமா கதிர் விடும். வடிவத்தை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். பேரிக்காய்க்குச் சாட்சி, கதிரின் ஆற்றலைக் காட்டும் படத்தில் எழுந்த ஒரே ஒரு காமா கோடு. அதைக் கண்டுபிடித்தவள் தங்கை.

பறக்கிற கரு விடும் கதிர், ரயிலின் ஊதல் மாதிரி. தகட்டைச் சுற்றி வளையம் வளையமாக வைத்த கருவிகளில், முன் வளையத்தில் அதன் ஆற்றல் ஏறித் தெரியும், பின் வளையத்தில் இறங்கித் தெரியும். பக்கவாட்டு வளையத்தில் மட்டும் அவ்வளவாக நகராது. அங்கேதான் கோடு சுத்தமாக இருந்தது. அங்கே மட்டும் பார்த்துவிட்டுக் குதித்திருந்தாள்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'.

"ஏம்மா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"அண்ணே, முன்னால கோடு நகரலைன்னா?"

"அப்போ பறக்கிறது விட்டதில்ல. தகட்டைச் சுத்தி நின்னுக்கிட்டிருக்கிற கலத்தோட சுவர் ஏதோ விட்டது. ஆமா, சந்தேகப்படுறது என் பொழப்பாச்சே, அதுலயும் கை வைக்கிறியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன் வளையத்துப் படத்தைத் திறக்க விசையைத் தட்டினாள்.

திரையில் கோடு எழுந்தது. பழைய இடத்திலேயே, மயிரிழை பிசகாமல்.

"பின் வளையம்?" சந்தேகத்தின் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

தட்டினாள். அங்கேயும் அதே இடம்.

போன் மறுபடி அலறியது. "எங்கடி படம்? என்னை அறிமுகப்படுத்த ஆரம்பிச்சாச்சு!"

கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றைக்குத் தப்பித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"அக்கா, மேடையேறாத. அது சுவரு."

"எது சுவரு?"

"நம்ம பேரிக்காய். கோடு நகரவே இல்லக்கா. நான் பக்கத்து வளையத்தை மட்டும் பாத்துத் தொலைச்சுட்டேன்."

போனில் கைத்தட்டல் கேட்டது.

"கூப்பிட்டுட்டாங்கடி," என்றாள் அக்கா. அந்தக் குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நான் போய் என்னத்தச் சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாத. நான் வந்து சொல்றேன், என் தப்புன்னு."

"திட்டுறதை அப்புறம் வெச்சுக்கறேன். ஓடி வாடி. நீ வர்ற வரைக்கும் நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."