அத்தாட்சிப்படுத்தின கால்வாய்

எண்பத்தாறாம் ஆண்டு பங்குனியில், யோகராணி வேலை செய்த, படங்களுக்குப் பிரேம் போடும் கடைக்குப் பொன்னம்பலத்தார் ஒரு படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஊரில் பத்திரங்களுக்கு முத்திரை குத்தி அத்தாட்சிப்படுத்தும் சமாதான நீதவானாக இருந்தவர். புலம்பெயர்ந்து வந்து மல்வேர்னில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்த நினைப்பை இறக்கி வைக்காதவர்.

அது மரத்தில் செதுக்கி மையொற்றி எடுத்த படம். இலையுதிர்ந்த மரங்கள், ஒரு கால்வாய், அகன்ற வானம். கதைப் புத்தகங்களும் எழுதிய ஒரு ஒல்லாந்து ஓவியர் செய்தது. பக்கத்து வீட்டு ஒல்லாந்துக் கிழவி வீடு மாறும்போது கொடுத்தாளாம்.

யோகராணி அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். படத்துக்கே விலை தரும் ஓவியரின் பென்சில் கையெழுத்துக்கு மேலாலே யாரோ நீலப் பேனையால் இழுத்திருந்தார்கள். வானத்தின் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு வட்ட முத்திரை.

"அங்கிள், உது ஆர் செய்தது?"

"நான்தான். பென்சிலில வைச்ச கையெழுத்து எந்தக் கந்தோரிலயும் செல்லாது, பிள்ளை. புத்தகம் எழுதின மனிசனுக்கு உதுகூடத் தெரியேல்லை. நான் பேனையால எழுதி அத்தாட்சிப்படுத்திப்போட்டன். என்ர முத்திரை மறையாமல் பிரேம் போட்டுத் தாரும்."

விட்டால் இந்த மனிசன் பிறந்த பிள்ளையின் நெற்றியிலும் குத்தும். யோகராணி, சனிக்கிழமை வரச்சொல்லி அவரை அனுப்பினாள். படத்தைச் சுற்றி வைக்கும் வெள்ளை மட்டையை எடுத்து, முத்திரை தெரியுமளவுக்கு மட்டும் ஒரு வட்டம் வெட்டினாள். மரங்களும் கால்வாயும் கையெழுத்தும் மட்டைக்குப் பின்னால் போயின.

சனிக்கிழமை வந்தவர் அதைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். யோகராணி ஏச்சு வாங்கத் தயாராக நின்றாள்.

"இப்பத்தான் பிள்ளை, படம் வடிவாயிருக்கு" என்றார்.