கூடப் பிறந்தவர் உண்டா

எனக்கு ஐம்பது முடிந்த வாரம் அரசாங்கத்திடமிருந்து தபாலில் ஒரு பெட்டி வந்தது. மலப் பரிசோதனைப் பெட்டி. இந்த நாட்டில் ஐம்பதைத் தொட்ட எல்லோருக்கும் வருவதுதான். இரண்டு குச்சி, இரண்டு குப்பி, திருப்பி அனுப்ப ஓர் உறை. எங்கள் ஆப்பிள் தோட்டத்துக் கொட்டகையில், கூடைகளுக்கு மேலே அதை எறிந்துவிட்டு மறந்துபோனேன். மறந்துபோனதாகக் காட்டிக்கொண்டேன் என்பதுதான் சரி.

என் மனைவி மார்னி அதைக் கண்டுபிடித்து சமையலறை மேஜைக்குக் கொண்டுவந்தாள்.

"இத எதுக்கு ஷெட்டுல வச்சிருக்க? ஆப்பிள் மரத்துக்கு டெஸ்ட் எடுக்கப் போறியா?"

"நாளைக்குப் பண்றேன்."

"உங்கப்பாவும் நாளைக்கு நாளைக்குன்னுதான் சொன்னாரு, கெல்."

மறுநாளும் அதற்கு மறுநாளும் செய்ய வேண்டியதைச் செய்தேன். குப்பிகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தது.

"சீஸ் பக்கத்துல வச்சிராத" என்றேன்.

"வாய மூடு. முட்டைக்குப் பின்னாடிதான் வச்சிருக்கேன்."

ரத்தம் இருப்பதாக முடிவு வந்தது. ஜூலையில் ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கண் விழித்தபோது டாக்டர் ஆன்ஸ்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என் மகனைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம்.

"ரெண்டு சின்னச் சதை முளை இருந்துச்சு. எடுத்தாச்சு. ஒண்ணு, விட்டிருந்தா பின்னாடி புத்துநோயா மாறியிருக்கும்னு தோணுது. நல்ல நேரத்துல வந்தீங்க. இதுக்கு முன்னாடி ரத்தம் எதாவது பாத்தீங்களா?"

"போன வருசம் குளிர்ல. ரெண்டு தடவ."

பையில் எதையோ தேடிக்கொண்டிருந்த மார்னியின் கை நின்றது. அவளிடம் நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"அப்பாவுக்கு இதே நோய்னு எழுதியிருக்கீங்க. உங்க பையன நாப்பது வயசுலயே ஆரம்பிக்கச் சொல்லுங்க. கூடப் பிறந்தவங்க உண்டா? அவங்க உடனே பாத்துக்கணும்."

"இல்ல" என்றேன்.

வீட்டுக்கு மார்னிதான் வண்டி ஓட்டினாள். மலை இறங்கியதும் ஆறு கண்ணில் பட்டது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உயிரோட இருக்கிற மனுசன இல்லன்னுட்டியே" என்றாள்.

அண்ணன் டார்சி எனக்கு ஏழு வயது மூத்தவன். மரம் ஏற, படகு தள்ள, கிளையை எங்கே வெட்டினால் அடுத்த வருடம் காய்க்கும் என்று பார்க்க, எல்லாம் அவன் பின்னாலேயே திரிந்து கற்றுக்கொண்டேன். அப்பா இறந்த நாளில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. சாவதற்கு எட்டு மாதம் முன்பே அப்பா ரத்தம் போவதை டார்சியிடம் சொல்லியிருக்கிறார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்து வாக்கு வாங்கியிருக்கிறார். அவன் காப்பாற்றினான். அடக்கம் முடிந்து எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது நான் அவனிடம், "நீதான் அவர கொன்ன" என்றேன். மறுவாரம் கண்டத்தின் மறுகோடிக்கு, ஜெரால்ட்டனில் சிங்கிறால் பிடிக்கும் படகு வேலைக்குப் போய்விட்டான். பன்னிரண்டு வருடம்.

இப்போது நானே அப்பா செய்ததைச் செய்திருக்கிறேன். வாக்கு வாங்க ஓர் அண்ணன் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலு நாள் மரங்களின் கிளைகளை வெட்டிச் சீர்படுத்தினேன். ஐந்தாம் நாள் காலையில், "அவன் நம்பர் யார்கிட்ட கெடைக்கும்?" என்று கேட்டேன்.

"என்கிட்டதான். வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு நான் கார்டு போடறேன். அவரும் போடறாரு. நீ கேப்பேன்னு பாத்துட்டே இருந்தேன்."

மூன்றாவது மணி அடித்ததும் போனை எடுத்தான்.

"யாரு?"

"நான்தாண்ணே. கெல்."

"யாருடா செத்தது?" என்றான்.

"யாரும் சாகல. குடல்ல முளை இருந்துச்சுன்னு எடுத்தாங்க. நீயும் பாத்துக்கணுமாம்."

"எனக்கும் அந்தப் பொட்டி வருது. ரெண்டு வருசத்துக்கு ஒண்ணு. நாலு வந்திருக்கு."

"என்ன பண்ணுன?"

"குப்பையில போட்டேன். தொறந்தா அப்பா மொகம் வருதுடா."

"இப்பப் பொட்டியெல்லாம் வேணாம். நேரா டாக்டர்கிட்ட போ. போவியா?"

"போறேன். உன் பையனுக்குச் சொன்னியா?"

"அவனுக்கு இன்னும் பதினாறு வருசம் இருக்கு."

"இப்ப எவ்ளோ உசரம்?"

"உன்னவிட ரெண்டு இஞ்ச் கூட."

"பொய் சொல்லாத" என்றான். போனை வைத்துவிட்டான்.

பரிசோதனையில் அவனுக்குத் தெரிந்தது வெறும் முளையல்ல, புற்றுநோய்க் கட்டி. பெர்த் ஆஸ்பத்திரியில் குடலில் ஒரு சாண் நீளத்தை வெட்டினார்கள். பரவவில்லை. நான் பெர்த்துக்கு விமானம் ஏறியபோது வராதே என்றுதான் சொல்லியிருந்தான்.

வார்டில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்த கால் அப்பாவுடைய கால். பக்கத்தில் உட்கார்ந்தேன். தொட வேண்டும் போலிருந்தது. எழுப்பிவிடுவோமோ என்று தொடவில்லை.

விழித்ததும், "குண்டாயிட்ட" என்றான்.

மூன்று நாள் அவனோடு இருந்தேன். தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்தோம். ஆஸ்பத்திரி ஜெல்லியைத் திட்டினோம். கிளம்புகிற நாள்தான் என்னால் பேச முடிந்தது.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புண்ணே."

"விடு."

"விடமாட்டேன். பன்னெண்டு வருசமா..."

"நானும் பன்னெண்டு வருசமா யோசிச்சேன். நீ சொன்னது தப்புன்னு எனக்கு ஒரு நாளும் தோணல" என்றான், சன்னலைப் பார்த்தபடி.

அந்தப் பன்னிரண்டு வருடமும் நான் அவனை அந்த ஒரு சொல்லோடு தனியே விட்டிருந்தேன். நானும் ரத்தத்தைப் பார்த்ததை, வெட்கத்தில் மறைத்ததை, அப்பாவை எனக்கு இப்போது புரிவதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். என் மணிக்கட்டைப் பிடித்தான். நர்ஸ் வரும்வரை விடவில்லை.

"வீட்டுக்கு வா. மார்னி ரூம் ஒழிச்சு வச்சிருக்கா."

"பாத்ரூம் வாசல்ல நின்னுதான்டா அப்பா என் கையப் புடிச்சாரு. அந்த வீட்டுக்குள்ள என்னால வர முடியாது."

"கதவ இடிச்சிர்றேன்."

சிரித்தான். தையல் வலித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அவன் மறுபடி படகுக்குப் போகிறான். பாரம் தூக்குவதில்லை, சுக்கான் பிடிக்கிறான். அடுத்த வருடம் அவனுக்கு மறுபரிசோதனை, எனக்கு மூன்று வருடம் கழித்து. ஞாயிறுதோறும் அவன்தான் கூப்பிடுகிறான். அங்கே அப்போது காலை ஆறு மணி.

இந்த அக்டோபரில் ஒரு ஞாயிறு, "ஆத்தோர மரமெல்லாம் பூத்திருச்சா?" என்று கேட்டான்.

"நேத்துதான் முழுசாப் பூத்துச்சு. வெள்ளவெளேர்னு நிக்குது."

நான் போனை எடுத்துக்கொண்டு ஈரப் புல்லில் நடந்து ஆற்றோரம் போனேன். ஒரு கிளைக்குள் போனை நீட்டிப் பிடித்தேன்.

"தேனீ கேக்குதா?"

"இல்ல. காத்துதான் கேக்குது."

இன்னொரு கிளைக்கு மாறினேன்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் கிட்ட வை" என்றான்.