புதுவாயலில் ஒரு பாரசீக ஜாடி

கும்மிடிப்பூண்டி உருக்காலைத் தொழிலாளி எபினேசரின் மகள் மோனிகா, பழைய பாரசீகத்தின் தொல்லியலைப் படிக்கப் போவதாகச் சொன்னபோது, அது எதற்கு உதவும் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவள் படித்தாள். பாரசீக மொழி கற்றாள். ஈரானின் தென்கடற்கரையில் ஒன்பது குளிர்காலம் அகழ்வாய்வு செய்து, அங்கிருந்து மதுவும் எண்ணெயும் கப்பலேறிய ஜாடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதினாள். நாற்பத்து நான்கு வயதில், உடைந்த துண்டு ஒன்றைப் பார்த்தே எந்த நூற்றாண்டு என்று சொல்லிவிடுவாள்.

விடுமுறைக்கு வந்திருந்தபோது தம்பி ஜோஷ்வா அப்படி ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினான். புதுவாயல் பக்கம் புதுத் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டும் ஜேசிபியை ஓட்டுபவன் அவன். துண்டின் உட்புறம் முழுக்கத் தார் பூசியிருந்தது. ஈரான் கடற்கரையில் அவள் தோண்டியெடுத்த ஜாடிகளிலும் இதே பூச்சுதான்.

மறுநாள் குழியைப் பார்த்துவிட்டுத் திருவள்ளூர் போனாள். ஆயிரத்து நானூறு வருஷப் பழைய பாரசீக ஜாடி, தென்மேற்கு ஈரானில் பூமியிலிருந்து ஊறும் தார் என்று எழுதிக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். கலெக்டர் உத்தரவில் வேலை நின்றது. ரோடு போட்ட தாருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சைட் இன்ஜினியர் மோகன்ராஜ் சிரித்தார். கூலி போன கோபத்தில் கூட வேலை செய்தவர்கள் ஜோஷ்வாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

“எல்லாரும் என்னியத்தான் மொறைக்கிறாங்க. நீ சொன்னது தப்பாப் பூட்டா இன்னாக்கா பண்றது?”

“தப்பாவாதுடா. ரோட்டுத் தாரை எவனாவது ஜாடிக்கு உள்ள பூசுவானா? உள்ள ஊத்தனது ஒழுகாம இருக்கத்தான் அந்தக் காலத்துல பூசிக்கீறான்.”

எந்த இடத்துத் தார் என்று பார்க்கத் துண்டு ஆய்வகத்துக்குப் போனது. முடிவு வர ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். மோனிகா தினமும் குழியில் இறங்கி மண் அடுக்குகளை வரைந்தாள். மேலே நின்று முறைத்துக்கொண்டிருந்த ஜோஷ்வா, மூன்றாம் நாள் தானாகவே இறங்கி அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

முடிவு வந்தது. மனுவில் அவள் எழுதியிருந்த அதே இடத்துத் தார். கட்டடத்தை நாற்பது அடி தள்ளிக் கட்டத் தொழிற்சாலைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஜோஷ்வா மட்டும் அக்காவோடு குழியில் தங்கிவிட்டான். பத்தாம் நாள், அவன் சிறு கரண்டியால் சுரண்டிய இடத்தில், கூரான அடிப்பாகத்தோடு முழு ஜாடி ஒன்று படுத்திருந்தது.

மோகன்ராஜ் அதைப் பார்க்க அவசரமாக இறங்கப் போனார். ஜோஷ்வா கையை நீட்டித் தடுத்தான்.

“ஷூவக் கயட்டிட்டு மெதுவா எறங்கு சார். மண்ணு சரியும்.”

மோனிகா நிமிராமல் வரைந்துகொண்டிருந்தாள். சிரிப்பைத்தான் அடக்க முடியவில்லை.